சூடு உணரும் தோல்

நாவலப்பிட்டியிலிருந்து தொலஸ்பாகைப் பக்கம் ஏறினாலும், கினிகத்தேனை வழியாக வட்டவளைக்குப் போனாலும், தேயிலைச் செடிகளின் அடியில் ஒரு சிறிய பாம்பு சுருண்டு கிடக்கக்கூடும். இரண்டடி நீளம்கூட இராது. நிறம் காய்ந்த சருகின் நிறம். மூக்கின் நுனி மட்டும் மேல்நோக்கி வளைந்திருக்கும். குழிவிரியன் குடும்பத்தைச் சேர்ந்த இதன் விஞ்ஞானப் பெயர் ஹிப்னேல். இலங்கையில் மனிதரை அதிகமாகக் கடிக்கும் விஷப்பாம்பு இதுதான். இந்தியாவிலிருந்து வரும் விஷமுறிவு மருந்து இதன் விஷத்துக்குப் பலன் தராது. கடிபட்ட சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகிவிடுவதும் உண்டு. கொழுந்து பறிக்கும் பெண்கள் கால் வைக்கும் இடத்தைக் கம்பால் தட்டிப் பார்ப்பதற்கு இந்தப் பாம்பும் ஒரு காரணம்.

இதன் கண்ணுக்கும் நாசித்துளைக்கும் நடுவே, பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு குழிகள் இருக்கின்றன. குழிக்குள்ளே மிக மெல்லிய சவ்வு ஒன்று காற்றில் விரித்துக் கட்டியதுபோல நிற்கிறது. எலியோ தவளையோ எதிரே நகர்ந்தால், அதன் உடலுக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் அந்தச் சவ்வில் பதிந்துவிடும். ஒரு பாகையின் நூற்றில் ஒரு பங்கிலும் குறைந்த மாற்றத்தைக்கூடக் குழிவிரியன்களால் உணர முடிகிறது. கும்மிருட்டிலும் அவை குறி தவறாமல் கொத்துவது இதனால்தான்.

2017இல் ஐக்கிய அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில் கியாரா தராயோவின் ஆய்வுக்குழு, இந்தச் சவ்வு செய்யும் வேலையைச் செய்கிற மெல்லிய படலம் ஒன்றை உருவாக்கி ‘சயன்ஸ் ரோபோட்டிக்ஸ்’ ஆய்விதழில் வெளியிட்டது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மூலப்பொருள் விலை உயர்ந்த உலோகம் எதுவுமல்ல. பெக்டின்தான். கொய்யா ஜெலியையும் தோடம்பழ ஜாமையும் இறுகவைக்கும் அதே பழப்பொருள்.

தாவரக் கலங்களின் சுவரில் பெக்டின் நீண்ட இழைகளாக இருக்கிறது. கல்சியம் அயன்கள் அந்த இழைகளை ஒன்றோடொன்று கோத்துப் பிடித்துக்கொள்கின்றன. சூடு ஏறினால் பிடி தளரும். அயன்கள் விடுபட்டு நகரும். படலத்தில் மின்சாரம் முன்பைவிட எளிதாக ஓடும். அந்த மின்னோட்டத்தை அளந்தால் சூடு தெரிந்துவிடும். 5 பாகை செல்சியசிலிருந்து 68 பாகை வரை, ஒரு பாகையின் நூற்றில் ஒரு பங்கு மாற்றத்தைக்கூட இந்தப் படலம் காட்டியது. சூடாக்கிய கரடிப் பொம்மை ஒன்றை ஒரு மீற்றர் தூரத்தில் வைத்தார்கள்; தொடாமலே படலம் அதை அறிந்தது. செயற்கை மரம் செய்யும் முயற்சியில் இருந்தபோதுதான் தாவரக் கலங்களின் இந்தச் சூட்டு உணர்வு ஆய்வாளர்களுக்குத் தட்டுப்பட்டது. அதன் காரணத்தைத் துருவிப் போனவர்கள் பெக்டினில் வந்து நின்றார்கள்.

உலகெங்கும் ‘இலத்திரனியல் தோல்’ என்ற பெயரில் நடக்கும் ஆராய்ச்சியின் ஒரு கிளை இது. மனிதத் தோலைப்போல வளைந்து, நெளிந்து, ஒட்டிக்கொண்டு, அழுத்தத்தையும் சூட்டையும் உணரும் படலங்களைச் செய்வதே நோக்கம். ரோபோக்களின் கைக்கு, செயற்கைக் கால் கைகளுக்கு, நோயாளியின் உடலில் ஒட்டும் பட்டிகளுக்கு என்று பல பயன்கள் பேசப்படுகின்றன. ரோபோவின் கைதான் பத்திரிகைப் படங்களில் முதலில் வரும். ஆனால் இந்தத் தொழில்நுட்பம் முதலில் போய்ச் சேரவேண்டிய இடம் வேறு. சூடும் வலியும் தெரியாமல் போன மனிதப் பாதங்கள்தான் அந்த இடம். நாவலப்பிட்டி மலைகளில் அப்படிப்பட்ட பாதங்கள் ஏராளம்.

ஆரோக்கியமான தோல் என்ன செய்கிறது என்பதைப் பார்த்தால்தான் இழப்பின் அளவு புரியும்.

கட்டைவிரலின் அடியில் உள்ள சதைப்பற்றான உள்ளங்கைப் பகுதி, 0.2 பாகை சூடு ஏறினாலே கண்டுபிடித்துவிடும். குளிர்வதை இன்னும் கூர்மையாக, 0.1 பாகை அளவிலேயே அறியும். தோலுக்கடியில் சூட்டுக்கு ஒரு வகை நரம்பு முனைகளும் குளிருக்கு வேறொரு வகை முனைகளும் இருக்கின்றன. அந்த முனைகளில் சூட்டை மின்செய்தியாக மாற்றுவது எது என்ற கேள்விக்கு, 1997இல் டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி கொச்சிக்காயைக் கொண்டு விடை கண்டார். கொச்சிக்காயின் காரப்பொருளான கப்சைசின் எந்தப் புரதத்தைத் தூண்டுகிறது என்று தேடினார். அகப்பட்ட புரதம், ஏறக்குறைய 43 பாகைக்கு மேல் சூடு போகும்போதும் திறந்துகொள்ளும் ஒரு வாயில். காரம் சாப்பிட்டால் வாய் ‘எரிகிறது’ என்று நாம் சொல்வது உடலைப் பொறுத்தவரை உண்மையே. இரண்டுக்கும் ஒரே வாயில்தான். குளிருக்கும் மெந்தோலுக்கும் பொதுவான வாயில் 2002இல் கண்டறியப்பட்டது. குழிவிரியனின் சவ்வில் வேலை செய்யும் புரதத்தை 2010இல் இதே ஜூலியசின் ஆய்வகம் அடையாளம் கண்டது. 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்கும், அழுத்த உணர்வின் வாயிலைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியனுக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது.

இன்னொரு வியப்பு: நம் தோலில் ஈரத்தை உணர்வதற்கென்று தனி நரம்பு கிடையாது. குளிர்ச்சியையும் தொடுகையையும் சேர்த்து மூளைதான் ‘நனைந்திருக்கிறது’ என்று முடிவு கட்டுகிறது. தேயிலை ஸ்டோரில் வாட்டுத் தொட்டியிலிருந்து ஒரு பிடி கொழுந்தை அள்ளி இறுக்கிப் பிடித்து, விட்டுப் பார்த்து, வாட்டம் போதும் என்று சொல்லும் டீமேக்கரின் கை, குளிர்ச்சி, மென்மை, மீண்டு விரியும் வேகம் எல்லாவற்றையும் ஒரே நொடியில் கூட்டிப் பார்க்கிறது. அரைத்த கொழுந்து புளிக்கும்போது சூடு கூடிப்போனால் தேநீரின் உயிர்ப்பு போய்விடும் என்பதால், அங்கேயும் கைதான் காவல். ஸ்டோரில் வெப்பமானிகள் உண்டு. ஆனால் வெப்பமானி ஓரிடத்தின் சூட்டைத்தான் சொல்லும். கை ஒரு பரப்பையே வாசிக்கும்.

பரப்பை வாசிக்கும் அந்தத் திறன்தான் பொறியியலாளருக்குப் பெரிய சவால். சூட்டை அளக்கும் சிறு கருவி ஒன்றைச் செய்வது பழைய வித்தை. சூடு மாறும்போது மின்தடை மாறும் பொருள்கள் நூறாண்டுக்கு மேலாகத் தெரிந்தவை. அதை மெல்லிய நெகிழ்படலத்தில் பல புள்ளிகளாகப் பரப்பி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாசிப்பதுதான் கடினம். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தகாவோ சோமேயா 2005இல் அழுத்தத்தையும் சூட்டையும் ஒன்றாக உணரும் வலைபோன்ற படலத்தை வெளியிட்டார். 2015இல் அவரது குழு, உடலின் சூட்டு எல்லையில் 0.1 பாகைக்கும் குறைந்த மாற்றத்தைப் பிடிக்கும் படலத்தைக் காட்டியது.

இதில் ஒரு சிக்கல் நெடுநாள் தீராமல் இருந்தது. படலத்தை இழுத்தாலும் மின்தடை மாறும், சூடாக்கினாலும் மாறும். கருவி சொல்லும் மாற்றம் எதனால் வந்தது? நடக்கும்போது இழுபட்டு மடங்கும் பாதத்தில் இந்தக் குழப்பம் ஆபத்தானது. ஸ்டான்போர்டின் செனான் பாவோவும் தென்கொரிய ஆய்வாளர்களும் 2020இல் ஒரு வழி காட்டினார்கள். படலத்துக்குள் அயன்கள் அசைந்து அமைதியடைய எடுக்கும் நேரம் சூட்டைப் பொறுத்தது. இழுப்பு அதைப் பாதிப்பதில்லை. அந்த நேரத்தை அளந்தால் சூட்டையும் இழுப்பையும் பிரித்தெடுக்கலாம்.

செயற்கைக் கையிலும் சூட்டு உணர்வு வந்துவிட்டது. சுவிற்சர்லாந்தின் லொசான் நகரில் சில்வெஸ்த்ரோ மிசெரா, சொலைமான் ஷோகுர் ஆகியோரின் குழு, கை இழந்தவர்களின் எஞ்சிய கையின் தோலில் குறிப்பிட்ட இடங்களைச் சூடாக்கியது. இல்லாத விரலில் சூடு பட்டதாக அவர்களுக்குத் தோன்றியது. 2023இல் வெளியான அந்த ஆய்வில் பங்கெடுத்த 27 பேரில் 17 பேருக்கு அது பலித்தது. அடுத்த ஆண்டு, செயற்கைக் கையின் விரல்நுனியில் உணரியைப் பொருத்தி, குளிர்ந்த போத்தலையும் சூடான போத்தலையும் ஒருவர் பிரித்தறியச் செய்தார்கள். 1987 முதல் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் செயற்கை உறுப்பு நிலையம் இயங்கும் நாட்டில் இந்தச் செய்தியை வெறும் வேடிக்கையாகப் படிக்க முடியாது. அங்கே செயற்கைக் கால் பெற்றவர்களில் கண்ணிவெடியில் காலை இழந்தவர்கள் பலர்.

இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் முன்னோடி ஒருவர் தமிழ் மண்ணில் பிறந்தவர். பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில், ஊழியம் செய்ய வந்த ஆங்கிலப் பெற்றோருக்குப் பிறந்து, மலைவாழ் பிள்ளைகளோடு வெறுங்காலோடு ஓடி வளர்ந்தவர். இலண்டனில் மருத்துவம் படித்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராகத் திரும்பினார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி விழுகின்றன என்றுதான் அன்றைய மருத்துவமும் நம்பியது. பிராண்ட் நோயாளிகளின் அன்றாட வேலைகளைக் கூடவே இருந்து கவனித்தார். கொதிக்கும் பானையை வெறுங்கையால் தூக்கினார்கள். நெருப்பில் விழுந்ததைக் கை விட்டு எடுத்தார்கள். புண்ணான காலை ஊன்றி ஊன்றி நடந்தார்கள். சூடும் வலியும் தெரியாததால் வந்த காயங்களே விரல்களைத் தின்கின்றன என்று அவர் காட்டியபோது, தொழுநோய் மருத்துவத்தின் போக்கே மாறியது. இந்த நோயில் பெரும்பாலும் முதலில் மறைவது சூடு குளிர் உணர்வு.

1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், அங்கே இன்றைய இலத்திரனியல் தோலின் மூதாதையைச் செய்ய முனைந்தார். கையுறையிலும் காலுறையிலும் உணரிகளைப் பொருத்தி, ஆபத்தான அழுத்தம் வந்தால் காதில் ஒலி எழுப்பும் ஏற்பாடு அது. உணரிகள் விலை கூடியவை; சீக்கிரம் பழுதாயின. ஆனால் திட்டத்தை வீழ்த்தியது அதுவல்ல. எச்சரிக்கை ஒலித்தும் நோயாளிகள் வேலையை நிறுத்தவில்லை. ஒலிக்குப் பதிலாக, உணர்வுள்ள அக்குளில் சிறு மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். வேலை முடியவேண்டிய அவசரத்தில் நோயாளி இணைப்பைத் துண்டித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். உண்மையான வலியை யாராலும் அணைத்து வைக்க முடியாது. செயற்கை வலிக்கு ஒரு பொத்தான் இருந்தது. வலியைப் பற்றி 1993இல் வந்த தமது நூலில் பிராண்ட் இந்தத் தோல்வியை ஒளிக்காமல் எழுதினார். பொருளறிவியல் முன்னேறிப் பெக்டின் படலம் வரை வந்துவிட்ட இன்றும், அவர் முட்டி நின்ற சுவர் அப்படியே நிற்கிறது.

எச்சரிக்கை கேட்டும் வேலையை நிறுத்த முடியாத அந்தச் சுவரை மலையகத்தில் எல்லோரும் அறிவார்கள்.

இலங்கையில் வயது வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் சீனி வருத்தம் இருப்பதாக அண்மைய தேசிய ஆய்வுகள் காட்டுகின்றன. சீனி கட்டுப்படாமல் ஆண்டுகள் போனால் காலின் நுண்ணிய நரம்புகள் கெடும். சூடு குளிரைச் சுமக்கும் இழைகள் பலருக்கு ஆரம்பத்திலேயே மங்கத் தொடங்கும். அந்தக் காலோடு ஒரு பெண் மழையில், சரிவில், கல்லிலும் வேரிலும் நாள் முழுக்க நின்று கொழுந்து பறிக்கிறாள். முள் குத்தினால் தெரியாது. அட்டை கடித்த இடம் புண்ணானால் தெரியாது. லயத்து அடுப்படியில் தணல் காலில் பட்டாலும் தெரியாது. பாதப் புண் கிருமி பிடித்து, கடைசியில் விரலையோ காலையோ எடுக்கும் நிலைக்கு வந்த பிறகே பலர் வைத்தியசாலைக்கு வருகிறார்கள்.

புண் வெளியே தெரிவதற்கு முன் பாதம் ஓர் அடையாளம் காட்டும். அடிபட்டு நசுங்கும் இடத்தில் உள்ளழற்சி தொடங்கிவிடும். அந்த இடம் சுடும். கார்வில் காலத்திலேயே பிராண்ட் நோயாளியின் பாதத்தைக் கையால் தடவி, சூடான இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, ‘இங்கே புண் வரப்போகிறது’ என்று சொல்லப் பழகியிருந்தார். பிறகு வந்த அமெரிக்க ஆய்வாளர்கள் அதற்கு ஓர் அளவு வைத்தார்கள். ஒரு பாதத்தின் ஓரிடம் மற்றப் பாதத்தின் அதே இடத்தைவிட 2.2 பாகை கூடுதலாகச் சுட்டால் எச்சரிக்கை. டேவிட் ஆர்ம்ஸ்ட்ரோங் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள 225 நோயாளிகள் 18 மாதங்கள் கண்காணிக்கப்பட்டார்கள். வீட்டிலேயே தினமும் பாதச் சூட்டை அளந்து, வித்தியாசம் கூடினால் நடப்பதைக் குறைத்தவர்களில் 4.7 சதவீதத்தினருக்கே புண் வந்தது. வழக்கமான கவனிப்போடு நின்றவர்களில் அது 12.2 சதவீதம்.

இந்த அளவீட்டைத் துணிக்குள்ளேயே கொண்டுவந்தவர் ஓர் இலங்கையர். பிரித்தானியாவின் நொட்டிங்ஹாம் டிரென்ட் பல்கலைக்கழகத்தில் பின்னல் துறைப் பேராசிரியராக இருந்த திலக் டயசின் குழு, மிகச் சிறிய வெப்ப உணரியை ரெசின் துளிக்குள் அடைத்து, நூலின் இழைகளுக்கு நடுவே புதைத்தது. கையால் தொட்டால் அது சாதாரண நூல். துவைக்கலாம். அந்த நூலால் பின்னிய துணி பல புள்ளிகளில் சூட்டைச் சொல்லும். நூலுக்கும் தோலுக்கும் இடையில் அரை மில்லிமீற்றர் இடைவெளி விழுந்தாலே அளவு பிசகுகிறது என்பதையும் 2018இல் அவர்கள் அளந்து வெளியிட்டார்கள். ஈரம், மடிப்பு, அழுத்தம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். ஆய்வகத்துக் கருவி அன்றாட உடையாக மாறும் பாதையில் இத்தகைய பொறுமையான வேலைதான் அதிகம் தேவைப்படுகிறது. செய்திகளில் குறைவாக வருவதும் இதுவே.

இலங்கையின் மிகப் பெரிய ஏற்றுமதித் தொழில் ஆடை. மலையகத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் கட்டுநாயக்கவில் வெளிநாட்டுப் பெயர்களுக்குத் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் துணித் தொழில்நுட்பத் துறை இருக்கிறது. பேராதனையில் மருத்துவ பீடம் இருக்கிறது. நூலும் கையும் அறிவும் நாட்டிலேயே உள்ளன. சூடறியும் காலுறையை இங்கே பின்ன முடியாது என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

ஆனாலும் காலுறை தேயிலை மலைக்கு ஏற்றதல்ல. தென்மேல் பருவமழையில் வட்டவளையும் நாவலப்பிட்டியும் நனைவதுபோல் நாட்டில் நனையும் ஊர்கள் சிலவே. நனைந்த காலுறை அளவைப் பிசகச் செய்வதோடு பாதத்தையும் ஊறவைத்துப் புண்ணாக்கும். ரப்பர் செருப்போடும் வெறுங்காலோடும் மலையேறுகிறவர்களுக்கு அது பொருந்தாது. இதைவிட நல்லது, மாலையில் வீட்டில் காலை வைக்கும் பாய். அமெரிக்காவில் அப்படியொரு பாய் வந்துவிட்டது. தினமும் சில நொடிகள் இரு பாதங்களையும் அதன்மேல் வைத்தால் போதும். சூட்டுப் படம் தூரத்திலுள்ள மருத்துவக் குழுவுக்குப் போகும். 2017இல் வெளியான சோதனையில், வந்த புண்களில் 97 சதவீதத்தை அது சராசரியாக 37 நாள்களுக்கு முன்பே காட்டியது. பொய்யெச்சரிக்கைகளும் மிக அதிகம், 57 சதவீதம். குளிரில் விறைத்து வந்த கால்கள் சமநிலைக்கு வர நேரம் கொடுக்காவிட்டால் மலைநாட்டில் அது இன்னும் கூடும் என்பதால், வேலை முடிந்து, கால் கழுவித் துடைத்து, சற்று உட்கார்ந்த பிறகு அளக்கவேண்டும். லயத்துக்கு ஒரு பாய் இருந்தாலே பல வீடுகளுக்குப் போதும். நெகிழ்படல உணரிகள் மலிவாவது இங்கேதான் பயன்படும். பெக்டினும் கல்சியமும் கடையில் கிடைக்கும் பொருள்கள்.

பாய் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கொரோனாக் காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டப்பட்ட அகச்சிவப்பு வெப்பமானிகள் இன்றும் அலுவலக மேசைகளில் கிடக்கின்றன. பொருள்களின் மேற்பரப்பை அளக்கும் தெரிவு உள்ளவை எத்தனையோ. இரு பாதங்களையும் ஒப்பிடுவதற்குத் துல்லியமான மொத்த அளவு தேவையில்லை, வித்தியாசம் போதும். பெருவிரல், விரல்களின் அடிமுட்டில் மூன்று இடங்கள், நடுப்பாதம், குதிகால் என்று ஆறு புள்ளிகள். தோட்டத்து மருந்தகத்திலோ நாவலப்பிட்டி மாவட்டப் பொது வைத்தியசாலையின் சீனி கிளினிக்கிலோ ஒரு தாதி இதை ஒரு கொப்பியில் எழுதிவைக்கலாம்.

இனி வருவது பிராண்டின் சுவர். பாதம் சுடுகிறது, நடக்காதீர்கள் என்று சொன்னால் அந்தப் பெண் என்ன செய்வாள்? தோட்டம் குறித்த கிலோ நிறையாவிட்டால் அவளுக்கு அரைநாள் சம்பளமான அரைப்பேர்தான் விழும். வராவிட்டால் பேரே இல்லை. கார்வில் நோயாளி இணைப்பைத் துண்டித்ததற்கும் இவள் எச்சரிக்கையைக் கேட்டும் மலையேறுவதற்கும் வித்தியாசமில்லை. உணரியின் கூர்மையை எத்தனை மடங்கு கூட்டினாலும் இதை மாற்ற முடியாது. அமெரிக்க ஆய்வில் புண் குறைந்தது வெப்பமானியால் மட்டுமல்ல. சூடு தெரிந்த பிறகு அவர்களால் காலுக்கு ஓய்வு கொடுக்க முடிந்ததாலும்தான்.

தோட்டத்தில் உட்கார்ந்து செய்யும் வேலைகள் இல்லாமல் இல்லை. நாற்றுத் தவறணையில் பைகளுக்கு மண் நிரப்புவது, ஸ்டோரில் தூளிலிருந்து காம்பு பொறுக்குவது, பிள்ளை மடுவத்தில் உதவி. பாதச் சூடு 2.2 பாகை கூடியிருப்பதாகத் தாதி எழுதிக் கொடுத்தால், வித்தியாசம் இறங்கும்வரை அந்த வேலைகளில் ஒன்றை முழுப்பேரோடு கொடுக்கவேண்டும் என்று ஒரு வரி எழுதிச் சேர்க்கலாம். சம்பளப் பேச்சுவார்த்தை நடக்கும் ஒவ்வொரு தடவையும் தொழிற்சங்கங்கள் மேசையில் வைக்கும் கோரிக்கைப் பட்டியலில், நாள் சம்பளத் தொகைக்கு அடுத்த வரியாக அது இருக்கட்டும்.